தானே சாவி கொடுத்துக்கொள்ளும் பாக்கெட் கடிகாரம்: ஒரு தாங்கு ஸ்பிரிங், ஒரு நட்டு, உடைந்த கிளிக்

நடந்தால் சாவி ஏறுகிறது. நூறு அடி எடுத்து வைத்து நடந்துவிட்டுப் பின்மூடியைத் திறந்து பார்த்தால், ராட்செட் என்ற, ஒரே பக்கம் மட்டும் சுற்றும் பல்சக்கரம் ஏறக்குறைய ஐந்து சுற்று நகர்ந்திருக்கிறது. வாங்கிய புதிதில் அதே நூறடிக்கு ஒரு பல்கூட நகராமல் நின்றது. நடுவில் செய்ததையெல்லாம், எங்கெங்கே வழி தவறியது என்பது உட்பட, அளவுகளோடு எழுதி வைக்கிறேன். இந்த வகைக் கடிகாரத்தைப் பற்றி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நான் படித்தவை பெரும்பாலும் யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற வழக்கிலேயே முடிந்துவிட்டன. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை எவ்வளவு தேய்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற விவரம் எனக்கு எதிலும் கிடைக்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

கடிகாரம் 19 லீன் (கடிகாரக்காரர்களின் பழைய அளவு), அதாவது மெஷின் விட்டம் 42.9 மி.மீ. வெள்ளிக் கேஸ், எனாமல் டயல், பெயர் எதுவும் கிடையாது. லிவர் வகை, 15 கல், மணிக்கு 18,000 துடிப்பு. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் வியன்னாவைச் சேர்ந்த ஃபொன் லோர் என்பவர் இப்படி நடையில் சாவி ஏறும் பாக்கெட் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கி, நூறு வருடத்துக்கு முந்தைய யோசனையை மறுபடி கடைகளுக்குக் கொண்டுவந்தார். என்னுடையதில் அவர் பெயர் இல்லை, அதனால் அவருடையது என்று சொல்ல மாட்டேன். சுவிட்சர்லாந்தில் ஒரு சின்ன ஏலத்தில் 380 பிராங்குக்குக் கிடைத்தது. கொண்டையைத் திருகினால் முள் மட்டும்தான் நகரும். சாவித் துவாரமும் கிடையாது. சாவி ஏற ஒரே வழி, பையில் போட்டுக்கொண்டு நடப்பது.

உள்ளே இருக்கும் ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது புரியாது. மெஷினின் ஓரத்தில், தட்டின் வளைவை ஒட்டினாற்போல ஒரு பித்தளைக் குண்டு இருக்கிறது. ஒரு கையின் நுனியில் அது இருக்கிறது, கையின் மறுமுனை ஒரு அச்சில் ஆடுகிறது. மேலும் கீழுமாக 40 டிகிரி ஆட இடம் உண்டு. ஒரு நீண்ட தகட்டு ஸ்பிரிங் அந்தக் கையைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மேலே எழும்பி இறங்கும்போது குண்டும் துள்ளுகிறது. கையில் இருக்கும் கிளிக் (பல்லில் மாட்டும் சின்ன எஃகு நாக்கு), 60 பல் கொண்ட ராட்செட்டைத் தள்ளுகிறது, தட்டில் இருக்கும் இன்னொரு கிளிக் அது திரும்பி வராமல் பிடித்துக்கொள்கிறது. ராட்செட்டின் 8 பல் பினியன் (சின்னப் பல்சக்கரம்) 64 பல் இடைச்சக்கரத்தைச் சுற்றுகிறது, அதன் 8 பல் பினியன், பேரலின் (கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டப்பாவின்) அச்சில் இருக்கும் 72 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. மொத்தத்தில் ராட்செட் 72 சுற்று சுற்றினால் பேரல் அச்சு ஒரு சுற்று. பேரல் ஒரு சுற்றுக்கு 8 மணி நேரம் ஓடும், நான்கு சுற்று ஏறினால் முழுச் சாவி, 32 மணி நேரம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு நாள் ஓட்டத்துக்குப் பேரல் மூன்று சுற்று வேண்டும். அது ராட்செட்டில் 216 சுற்று, அதாவது 12,960 பல். அடிக்கு ஒரு பல் ஏறினால் தினமும் கிட்டத்தட்ட பதின்மூவாயிரம் அடி நடக்க வேண்டும். அடிக்கு மூன்று பல் ஏறினால் 4,320 அடி போதும், அது என் சாதாரண வேலை நாளிலேயே வந்துவிடும். ஆக, வேலை முழுவதும் அந்த ஒரு பல்லை மூன்று பல்லாக்குவதுதான்.

பிரித்தெடுப்பதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பின்மூடியின் உட்பக்கம் பழைய கடிகாரக்காரர்கள் ஊசியால் கீறி வைத்த எண்கள் மூன்று வெவ்வேறு கையெழுத்தில் இருந்தன. மூன்றாவது கை மட்டும் ஆழமாக, அவசரமாகக் கீறியிருந்தது. தட்டின் ஸ்க்ரூ தலைகளில் இருந்த வழுக்கல் தடமும் அதே மாதிரி அவசரத்தைக் காட்டியது. பழைய எண்ணெய் பச்சை மெழுகாக உறைந்திருந்தது. லைட்டரில் ஊற்றும் பெட்ரோலில் ஊறவைத்து, கூர் சீவிய மரக்குச்சியால் ஒவ்வொரு கல் துளையையும் துடைத்து, அப்புறம் அல்ட்ராசோனிக்கில் போட்டேன். சக்கரங்களுக்கு மொபியஸ் 9010 எண்ணெய், பேரல் அச்சுக்கும் நடுச்சக்கரத்துக்கும் டி5, பாலட் கல்லுக்கு 9415. லிவர், பேலன்ஸ் என்ற ஆடும் சக்கரம், அதன் ஹேர் ஸ்பிரிங் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. கழுவும் முன் 190 டிகிரி ஆடிய பேலன்ஸ் கழுவிய பின் 255க்கு வந்தது. அந்தப் பக்கத்தில் அவ்வளவுதான் வேலை.

மெயின் ஸ்பிரிங் மட்டும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பழையது களைத்துப்போய், வெளியே எடுத்ததும் பேரலுக்குள் இருந்த அதே சுருட்டலில் அப்படியே கிடந்தது. அதன் கனம் 0.20 மி.மீ. கடைக்காரர் அதே அளவில் எடுத்துக் கொடுத்தார், நான் 0.19 கேட்டு வாங்கினேன், விலை 24 பிராங்க். ஸ்பிரிங்கின் பலம் கனத்தின் மும்மடியில் மாறும், அதனால் நூறில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தாலே கிட்டத்தட்ட 14 சதவீதம் இளகிவிடும். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் இப்படிச் செய்ய மாட்டேன். இதிலோ குண்டு அந்த ஸ்பிரிங்கோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். பேலன்ஸ் ஆட்டம் கொஞ்சம் குறைந்து 240 ஆனது, எனக்கு அது போதும்.

இனி அசல் பிரச்சினை. எல்லாவற்றையும் பூட்டி, கொண்டை மேலே இருக்கும்படி கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தால் குண்டு நேராக மேல் தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஆட்டினால்கூட இறங்கவில்லை. தாங்கு ஸ்பிரிங் அசல் அல்ல, யாரோ மாற்றியிருக்கிறார்கள், நீலம் கொடுக்காத வெள்ளை எஃகு, ஓரங்களில் அரம் போட்ட கோடுகள்கூட அழியவில்லை. மைக்ரோமீட்டரில் 0.24 மி.மீ. கனம், அகலம் 1.8, வேலை செய்யும் நீளம் 25. குண்டின் எடை 5.8 கிராம். இவ்வளவு சின்னக் குண்டுக்கு அவ்வளவு முரட்டு ஸ்பிரிங் எதற்கு என்று தெரியவில்லை, கையில் கிடைத்ததை வெட்டிப் போட்டிருப்பார்கள் போல.

முதலில் சுலபமான வழியைப் பிடித்தேன். ஸ்பிரிங்கின் வளைவைக் குறைத்தால் தூக்கும் விசை குறையும், குண்டு நடுவில் வந்து நிற்கும். அதன்படியே வளைவை நிமிர்த்தி நிமிர்த்தி, கழற்றிய நிலையில் ஸ்பிரிங் நுனி தன் இடத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் விலகி நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன். குண்டு 40 டிகிரியின் நடுவில், இருபதில், அழகாக மிதந்தது. பூட்டி வெயிஸ்ட்கோட் பையில் போட்டு நடந்தால் நூறடிக்கு நாற்பது ஐம்பது பல்தான். அடிக்கு அரைப் பல்! ராட்செட்டின் ஒரு பல் 6 டிகிரி, குண்டு பாதி அடிகளில் அந்த 6 டிகிரிகூட எழவில்லை. ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்த்தேன். குண்டு நடுவில் நின்று நடுங்குகிறது, அவ்வளவுதான், துள்ளவில்லை.

இங்கே வேறு பக்கம் போய்க் கொஞ்சம் அலைந்தேன். குண்டு கனமாக இருந்தால் நன்றாகத் துள்ளும் என்று நினைத்து அதன் அடியில் ஈயம் ஒட்டலாமா என்று பார்த்தேன். பாரிஸில் கடிகாரக்காரர் ப்ரெகே 1780 முதல் செய்த பெர்பெச்சுவெல் (தானே சாவி ஏறும்) கடிகாரங்களில் குண்டு பிளாட்டினத்தில் இருந்தது நினைவில் இருந்தது. பிளாட்டினம் பித்தளையைப் போல இரண்டரை மடங்கு கனம், அதே இடத்துக்குள் அவ்வளவு எடை கிடைப்பது அவருக்கு வசதி. மெஷினுக்கும் பின்மூடிக்கும் நடுவில் என்னிடம் இருந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, ஈயம் உரசியது. கழற்றிவிட்டேன். ஆனால் அந்த அலைச்சலில் ஒன்று புரிந்தது: எடையைக் கூட்டினால் அதைத் தாங்க ஸ்பிரிங்கையும் கூட்ட வேண்டும், அப்போது மறுபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம்.

வீட்டில் ஸ்பிரிங் தொட்டில் கட்டியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கனமான ஸ்பிரிங்கில் கைக்குழந்தையைப் போட்டால் தொட்டில் ஓர் உயரத்தில் நிற்கும், ஆனால் தட்டிவிட்டால் இரண்டு நடுக்கத்தோடு அடங்கிவிடும். இளகிய ஸ்பிரிங் நிறைய நீண்டு அதே உயரத்தில் நின்றால்தான் மெதுவாக, பெரிதாக ஆடும். என் குண்டுக்கும் அதேதான் தேவை. நடை நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி, குண்டின் சொந்த ஆட்டமும் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முரட்டு ஸ்பிரிங்கில் அது நொடிக்கு ஐந்து முறை ஆடிக்கொண்டிருந்தது. ஸ்லோ மோஷனில் எண்ணினேன்.

சரி, ஸ்பிரிங்கை மெலிதாக்க வேண்டும். பழைய அலாரம் கடிகாரத்தின் நீல ஸ்பிரிங் துண்டு ஒன்று இருந்தது. அதோடு 15 பிராங்குக்கு ஸ்பிரிங் எஃகுத் தகடும் வாங்கிக்கொண்டேன். 1.8 அகலத்துக்கு வெட்டி, இரட்டைப் பக்க டேப்பால் கண்ணாடித் துண்டில் ஒட்டி, 1200 உப்புத்தாளில் நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலிலேயே பிற்பாடு ஒடியும். நூறில் ஒரு மில்லிமீட்டர் குறைந்ததும் எடுத்துப் பூட்டிப் பார்ப்பது, மறுபடி கழற்றித் தேய்ப்பது. 0.20ல் துள்ளல் தெரிய ஆரம்பித்தது. 0.17ல், கழற்றிய நிலையில் நுனி ஏழு மில்லிமீட்டர் விலகி நிற்கும்படி நீண்ட வளைவு கொடுத்தபோது குண்டு இருபது டிகிரியில் மிதந்தது, ஒரு தட்டுத் தட்டினால் சோம்பேறித்தனமாக, நொடிக்கு மூன்று என்ற கணக்கில் ஆடியது. இன்னொரு துண்டை 0.15 வரை கொண்டுபோனேன், அதற்கு எவ்வளவு வளைவு கொடுத்தாலும் குண்டு கீழே தொய்ந்தது, வளைவும் நிலைக்கவில்லை. 0.24க்கு 0.17ஐ ஒப்பிட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே, அவ்வளவு பெரிய மாற்றம் அது.

0.17 ஸ்பிரிங்கோடு நூறடி நடந்ததும் இடைச்சக்கரத்தில் நான் வைத்திருந்த வெள்ளைப் புள்ளி அரைச் சுற்றைத் தாண்டியிருந்தது. எட்டில் ஐந்து பங்கு வந்தால் அடிக்கு மூன்று பல் என்று கணக்கு, அதற்குக் கொஞ்சம் குறைவு. ராட்செட்டையே எண்ணாமல் இடைச்சக்கரத்தில் புள்ளி வைத்தது நல்ல யோசனை, அது மெதுவாகச் சுற்றுவதால் கண் தவறாது.

பை மிக முக்கியம், இதை எழுதியே ஆக வேண்டும். வெயிஸ்ட்கோட்டின் சின்னப் பையில் கடிகாரம் கொண்டை மேலாக நிமிர்ந்து, உடம்போடு ஒட்டி நிற்கிறது. அங்கேதான் மூன்று பல். கோட்டின் உள்பையில் இரண்டு. ஜீன்ஸ் பையில் போட்டால் கடிகாரம் பக்கவாட்டில் உருண்டுவிடுகிறது, குண்டு ஏதாவது ஒரு தடுப்பில் போய்ச் சாய்ந்துகொள்கிறது, அடிக்கு ஒரு பல்கூட வருவதில்லை. செய்தவர்கள் வெயிஸ்ட்கோட் பையை மனதில் வைத்துத்தான் செய்தார்கள்.

இதே காரணத்தால் எனக்கு இந்த ஓரக் குண்டு ஏற்பாட்டின் மேல் மரியாதை கூடியிருக்கிறது. லீஜ் நகரத்துக் கடிகாரக்காரர் உபேர் சார்த்தோன் 1778ல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கொடுத்த விவரமும் வரைபடமும் இன்றைய ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்களில் இருப்பது போல நடுவில் முழு வட்டமும் சுற்றும் ரோட்டரைக் காட்டுகின்றன, எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும். யோசனையாகப் பார்த்தால் அது மேலானது. ஆனால் நிமிர்ந்து நிற்கும் கடிகாரத்தில் ரோட்டரின் கனப்பக்கம் கீழே போய் நின்றுவிடும், நடையின் மேல்-கீழ் அசைவு அதைப் பெரிதாகச் சுற்றாது. கை வீசி நடக்கும்போது மணிக்கட்டில் இருந்தால் கதை வேறு. ஸ்பிரிங் தாங்கிய குண்டு நடையின் அசைவுக்கென்றே பிறந்தது. லண்டனில் ரெக்கோர்டோன் என்ற கடிகாரக்காரர் 1780ல் காப்புரிமை வாங்கியதும், ப்ரெகே செய்ததும் இந்தப் பக்கவாட்டுக் குண்டு வழிதான்.

வேலை முடிந்தது என்று சில நாள் போட்டுக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரு காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். வெயிஸ்ட்கோட்டுக்குள் டக் என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் குண்டு பிடிமானமில்லாமல் லொடலொட என்று ஆடியது.

திறந்து பார்த்தால் கையில் இருக்கும் கிளிக்கின் மூக்கு ஒடிந்து ராட்செட்டின் பற்களுக்கு நடுவில் கிடந்தது. மெயின் ஸ்பிரிங் முழுக்க ஏறியிருந்தது, இனி ஒரு பல்கூட ஏற இடமில்லை. நடக்கும்போது குண்டுக்கு வரும் உதை சின்னது, ஓடும்போது அது பல மடங்கு, 72க்கு ஒன்று என்ற சக்கரக் கணக்கில் அது பேரலில் இன்னும் பெருகுகிறது. போக இடமில்லாத விசை, இருப்பதிலேயே மெல்லிய பாகத்தை ஒடித்துவிட்டது.

ஜெனீவாவின் அறிஞர் சோஷூர் 1777 ஜூனில் லே லோக் ஊரில் கடிகாரக்காரர் பெரெலேயைப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பில் இதே சம்பவம் இருக்கிறது. பெரெலேயின் கடிகாரம் பையில் கிடந்து நடையிலேயே சாவி ஏறும், கால் மணி நேரம் நடந்தால் எட்டு நாள் ஓடும் என்கிறார். தடுப்பு ஒன்று இருப்பதால் தொடர்ந்து நடந்தாலும் கெடாது. அதற்கு முன் செய்த கடிகாரத்தில் தடுப்பு வைக்கவில்லை, அதைப் பையில் போட்டுக்கொண்டு நெடுநேரம் ஓடியதில் அது பழுதாகிவிட்டது. இரண்டாவதை ப்ரெகேக்கு 20 லூயி தங்க நாணயத்துக்கு விற்றார். கால் மணிக்கு எட்டு நாள் என்பது என் சக்கரக் கணக்குக்கு எட்டாத திறமை, என்னுடையதைவிட ஏறக்குறைய இருபது மடங்கு. பெரெலே உள்ளே வைத்தது எந்த வகை ஏற்பாடு என்பதில் கடிகார வரலாற்றுக்காரர்களிடையே இன்னும் வழக்கு இருக்கிறது. ஆனால் ஓட்டமும் தடுப்பும் பற்றிய அந்த வரிகளைக் கிளிக் ஒடிந்த அன்று மறுபடி படித்தபோது, தேட வேண்டிய இடம் எது என்று தெளிவாகிவிட்டது.

என் கடிகாரத்திலும் தடுப்பு உண்டு. டயலுக்கு அடியில், பேரல் அச்சின் நீட்டத்தில் மிக நுண்ணிய மரை வெட்டி, அதில் ஒரு சின்ன எஃகு நட்டு ஏறியிருக்கிறது. நட்டின் இரண்டு காதுகளும் பேரலின் காடிகளில் மாட்டியிருப்பதால் அது பேரலோடு சேர்ந்துதான் சுற்றும். சாவி ஏறும்போது அச்சு மட்டும் சுற்றுகிறது, நட்டு மரையில் மேலே ஏறுகிறது. கடிகாரம் ஓடும்போது பேரல் சுற்றுகிறது, நட்டு இறங்குகிறது. ஆக நட்டின் உயரம்தான் எந்த நேரத்திலும் எவ்வளவு சாவி இருக்கிறது என்பதற்கு அளவு. மரை 0.25 மி.மீ., நான்கு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏற்றம். நட்டின் மேல் ஒரு நெம்பு படுத்திருக்கிறது, அதன் நீண்ட முனையில் ஒரு கொக்கி. முழுச் சாவி ஆனதும் கொக்கி குண்டின் கையில் இருக்கும் வெட்டுக்குள் விழுந்து குண்டைப் பிடித்துவிடும், அப்புறம் எவ்வளவு ஓடினாலும் குண்டு அசையாது. ஒரு ஸ்க்ரூவின் மரைக்குள் ஒரு நாளின் கணக்கை வைத்திருக்கிறார்கள். பெயர் போடாமல் இதைச் செய்து அனுப்பியவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த நெம்பின் கொக்கி முனை மேல்நோக்கி வளைந்திருந்தது. முதல் தடவை பிரித்தபோதே கண்ணில் பட்டது, அதன் வடிவமே அப்படி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது லென்ஸை வைத்துப் பார்த்தால் வளைவின் உட்புறம் இடுக்கியின் பல் தடம். யாரோ வேண்டுமென்றே வளைத்து, கொக்கி குண்டைத் தொடாமல் செய்துவிட்டார்கள்.

ஏன் என்று யோசித்ததில் நட்டில் பதில் கிடைத்தது. நட்டை எந்த இடத்தில் வேண்டுமானாலும் மரையில் மாட்டிப் பேரலை மூடிவிடலாம், எதுவும் தடுக்காது. மெயின் ஸ்பிரிங் முழுக்க இறங்கியிருக்கும்போது நட்டு அடியில் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் இரண்டு சுற்று மேலே மாட்டிப் பூட்டினால் பாதிச் சாவியிலேயே கொக்கி விழுந்து குண்டு பூட்டிக்கொள்ளும், கடிகாரம் அரை நாளில் நின்றுபோகும். பின்மூடியில் அவசரமாகக் கீறிய அந்த மூன்றாவது கடிகாரக்காரர் அப்படித்தான் மாட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் நான் பிரித்தபோது இறங்கிய பேரலில் நட்டு அடியில் இல்லை, என் குறிப்பிலேயே அது இருக்கிறது. குண்டு பூட்டிக்கொள்வதைப் பார்த்து, கொக்கிதான் கோளாறு என்று அதை வளைத்துத் தீர்த்திருக்கிறார்.

கிளிக் வேலையை முதலில் முடித்தேன். 0.7 மி.மீ. டூல் ஸ்டீல் தகடு, 19 பிராங்க், ஒடிந்த கிளிக்கை அதன் மேல் ஒட்டி ஊசியால் வடிவம் கீறி, துளையை முதலில் போட்டுவிட்டு, ரம்பத்தில் வெட்டி, ஊசி அரத்தால் தேய்த்து எடுத்தேன். துளையைக் கடைசியில் போட்டால் அவ்வளவு சின்னத் துண்டைப் பிடிக்க முடியாது. மூக்கின் கோணம்தான் எல்லாம்: ராட்செட் பல்லின் நேர்ப்பக்கத்தோடு அது முழுமுகமாகப் பொருந்த வேண்டும், நுனி மட்டும் தொட்டால் மறுபடி ஒடியும் அல்லது பல்லைத் தின்றுவிடும். பல்லின் மேல் கறுப்பு மார்க்கர் தடவி, கிளிக்கை அழுத்தி, கறுப்பு எங்கே ஒட்டுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். செர்ரிச் சிவப்பில் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். பளபளப்பாக்கி, பித்தளைத் தூள் நிரப்பிய தட்டில் வைத்துக் கீழிருந்து மெதுவாகச் சூடுகாட்டினால் வைக்கோல் நிறம், பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், சுமார் 280 டிகிரி, அங்கே எடுத்துவிட்டேன். நீலம் வரை விட்டால் ஒடியாது, ஆனால் மூக்கு சீக்கிரம் மழுங்கும்.

நெம்பை நிமிர்த்துவதில்தான் எனக்குப் பயம். இடுக்கியால் குளிராக வளைத்த எஃகு, அதே இடத்தில் திரும்ப வளைத்தால் முறியும். நீல நிறம் வரும்வரை சூடுகாட்டி, மரக்கட்டையின் விளிம்பில் வைத்துப் பித்தளைத் துண்டால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். முறியவில்லை. தழும்பு ஒன்று இருக்கிறது, இருக்கட்டும்.

நட்டுக்கு இப்போது நான் பின்பற்றும் முறை இது: மெயின் ஸ்பிரிங் முழுக்க இறங்கியிருக்க, நட்டை அடிவரை திருகி, கால் சுற்றுப் பின்னால் எடுத்து, அங்கே காதுகள் காடியில் விழுமாறு பேரலை மாட்டுவது. பிறகு இடைச்சக்கரத்தை மரக்குச்சியால் சுற்றி மேசையிலேயே சாவி ஏற்றிப் பார்ப்பது. மூன்றேமுக்கால் சுற்றில் கொக்கி வெட்டுக்குள் விழுந்தது, மெயின் ஸ்பிரிங்கில் இன்னும் கால் சுற்று இடம் பாக்கி இருந்தது, அந்த மிச்சம் வேண்டும். கடிகாரம் ஓடி ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து, அதாவது பேரல் அரைச் சுற்று இறங்கியதும், கொக்கி எழும்பிக் குண்டை விட்டது. வேண்டுமென்றே ஓடிப் பார்த்தேன், மாடிப்படியில் குதித்தும் பார்த்தேன், குண்டு பூட்டிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தது.

செலவு: கடிகாரம் 380, மெயின் ஸ்பிரிங் 24, ஸ்பிரிங் தகடு 15, டூல் ஸ்டீல் 19, கீறல் விழுந்த கண்ணாடியை மாற்ற 12, ஆக 450 பிராங்க். எண்ணெய்களும் கருவிகளும் ஏற்கெனவே இருந்தன. வெளியே கொடுத்திருந்தால் இந்தக் கடிகாரத்தின் விலையைத் தாண்டியிருக்கும், அதுவும் எடுத்துக்கொள்ள ஆள் கிடைத்தால். பையில் இருக்கும்போது நாளுக்கு அரை நிமிடத்துக்குள்தான் பிசகுகிறது. உட்கார்ந்தே கழியும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மூன்றேமுக்கால் சுற்றின் 30 மணி நேர இருப்பு சரியாகப் போதும், திங்கள் காலை நடந்தால் மறுபடி ஏறிக்கொள்கிறது.

ஆட்டோமேட்டிக் என்பது பாக்கெட் கடிகாரத்தில் ஏன் நிலைக்கவில்லை என்பதும் இந்த வேலையில் எனக்குத் தெளிவானது. சாவியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், அது தொலைந்தால் கடிகாரம் நின்றுவிடும் என்ற நிலையில், இதற்கு அர்த்தம் இருந்தது. அட்ரியன் ஃபிலிப் 1845ல் கொண்டையிலேயே சாவி கொடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, அந்த முறை பரவிய பிறகு, காலையில் பத்து திருகலில் முடிகிற வேலைக்காக இவ்வளவு பாகங்களுக்கு யார் காசு கொடுப்பார்கள். கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியதும் ஹார்வுட் 1920களில் அதே ஆடும் குண்டைக் கைக்கடிகாரத்தில் வைத்தார், 1931ல் ரோலெக்ஸ் முழுவட்ட ரோட்டரை வைத்தது. ரோட்டருக்கு ஏற்ற அசைவு அங்கேதான் கிடைத்தது.

அடுத்த தடவை இப்படி ஒன்று கைக்கு வந்தால் கழற்றும் முன்பே நட்டின் இடத்தையும் நெம்பின் வளைவையும் படம் பிடித்துவிட்டு, தடுப்பு வேலை செய்கிறதா என்பதை முதலில் பார்ப்பேன், மற்றதெல்லாம் பிறகு. தாங்கு ஸ்பிரிங்கை நேராக 0.18 தகட்டிலிருந்து ஆரம்பிப்பேன், தேய்க்கும் வேலை பாதியாகும். இரண்டு முனைகளிலும் குண்டு மோதும் தடுப்பு ஸ்பிரிங்குகளையும் மாற்றியிருக்கலாம், என்னுடையதில் கீழ்த்தடுப்பு களைத்திருக்கிறது, படியிறங்கும்போது அது வெள்ளிக் கேஸில் மெல்லத் தட்டும் சத்தம் இன்னும் கேட்கிறது.

வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லி, கொண்டை மேலாகப் பிடித்துப் பாருங்கள். குண்டு நடுவில் மிதக்கிறதா, மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். விரலால் தட்டினால் எத்தனை ஆட்டம் ஆடி அடங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு குண்டை விரலால் ஆட்டி ஆட்டிச் சாவி ஏற்றிக்கொண்டே இருங்கள், கடைக்காரர் பொறுமையாக இருந்தால் கால் மணி நேரம் ஆகும். ஒரு கட்டத்தில் குண்டு பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிக்கொள்ளாமல் மெயின் ஸ்பிரிங் இறுகி நின்றால் தடுப்பு செத்துக்கிடக்கிறது என்று அர்த்தம், விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.